வரையத் தெரிந்த பிள்ளைகளும் வாங்கத் தெரியாத வியாபாரிகளும்

போன மாதம் ஒரு நாள், அஸர் தொழுதுவிட்டு வந்து கடையைத் திறந்த கையோடு ஒரு மேசன் பாஸ் வந்தார். இருபத்தைந்து வருடமாக என்னிடம் சாமான் எடுப்பவர். இரண்டு கிலோ கட்டுக் கம்பி நிறுக்கச் சொல்லிவிட்டு, நிறுத்து முடியும் வரை லாச்சிக்கு முன்னால் நின்றுகொண்டு கேட்டார்.

“ஹாஜியார், மகன் ஓட்டோகேட் படிச்சி முடிச்சிட்டான். கட்டாருக்குப் படம் கீற ஆள் கேக்கிறாங்களாம். அனுப்பவா?”

வேறு ஒரு நாளாக இருந்தால் “அனுப்புங்க, நல்ல விசயம்தானே” என்று சொல்லி அனுப்பியிருப்பேன். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கல்முனையிலும் நாம் எல்லோரும் சொல்வது அதைத்தான். அன்று எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை. அதே லாச்சிக்கு முன்னால், ஏறத்தாழ இருபது வருடத்துக்கு முன்னர், இன்னொரு பிள்ளை வந்து நின்றது ஞாபகத்துக்கு வந்துவிட்டது. அந்தப் பிள்ளைக்கு நான் செய்ததை இந்தப் பத்தியில் இதுவரை எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்.

லாச்சிக்கு முன்னால் வந்த சீடி

2004 டிசம்பர் 26ஆம் திகதிக்குப் பிறகு நமது கரையோரத்தில் என்ன நடந்தது என்பதை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கல்லடியிலிருந்து மருதமுனை, சாய்ந்தமருது வரை வீடுகள் தரைமட்டமாகின. அடுத்த இரண்டு மூன்று வருடமும் கட்டுமான வேலைதான். சீமெந்து லொறிகள் ஓயாமல் வந்தன. அதுவரை நாம் பார்த்த பிளான் என்பது பழைய படவரைஞர்கள் மெல்லிய தாளில் கையால் கீறி, அமோனியா மணக்க மணக்கப் பிறின்ட் எடுத்துத் தருவது. சுனாமிக்குப் பிறகு வந்த பொறியியலாளர்கள் மடிக்கணனியைத் திறந்து வைத்துக்கொண்டு, காலையில் கேட்ட மாற்றத்தைப் பகலைக்கே புதிய தாளில் தந்தார்கள்.

அந்த நாட்களில் நானும் பேராசையில் ஒரு இரண்டு மாடிக் கட்டடத்துக்குக் கம்பி கொடுத்துக் கட்டித் தரும் வேலையைப் பொறுப்பெடுத்தேன். இடையில் பிளானை மாற்றினார்கள். கீழ்த் தட்டில் ஒரு அறை கூடியது. தரைப்படத்தில் அது மாற்றப்பட்டிருந்தது. பீம் விபரம் இருந்த தாளில் மாற்றப்படவில்லை. நான் பழைய தாளைப் பார்த்துக் கணக்குப் போட்டு விலை கொடுத்துவிட்டேன். முடிவில் என் கைக்காசில் ஒரு இலட்சத்துக்கு மேல் போனது. யாரையும் குறை சொல்லவும் முடியாது. ஒவ்வொரு தாளும் ஒவ்வொரு கதை சொன்னது, அவ்வளவுதான்.

இந்த நட்டத்தைப் பற்றி வீட்டில் நான் புலம்பியதைக் கேட்டவன் என் ராத்தாவின் மகன். மட்டக்களப்பில் ஓட்டோகேட் படித்துவிட்டு ஒரு படவரைஞரிடம் உதவியாளாக இருந்தான். ஒரு மாதம் கழித்துக் கடைக்கு ஒரு சீடியோடு வந்தான்.

“மாமா, படத்துல பீமெல்லாம் எங்க எங்க இரிக்கோ அத இது எண்ணும். எத்தின கம்பி, எத்தின நீளம், எப்பிடி வெட்டுற எண்டு லிஸ்ட் தரும். படம் மாறினா லிஸ்டும் மாறும்.”

கடைக் கணனியில் போட்டுக் காட்டினான். நாம் விற்பது இருபது அடிக் கம்பி. பதின்மூன்று அடி பீமுக்கு வெட்டினால் ஏழு அடித் துண்டு மிஞ்சும். மேசன் அதை ஒரு மூலையில் போடுவார். மழையில் துருப்பிடித்து, கடைசியில் பழைய இரும்புக்காரனுக்குப் போகும். அவனுடைய லிஸ்ட் அந்த ஏழு அடித் துண்டுக்கு ஜன்னல் லிண்டலில் இடம் பார்த்து வைத்திருந்தது. கம்பியின் நிறையும் அதில் வந்தது. விட்டத்தை மில்லிமீற்றரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் பிரித்தால் ஒரு மீற்றரின் கிலோ நிறை வரும் என்பது நம்மில் பழைய ஆட்களுக்குத் தெரிந்த கணக்கு. 12 மில்லிமீற்றர் கம்பிக்கு 0.888. அதையும் அவன் உள்ளே வைத்திருந்தான்.

“எவ்வளவு மகன்?” என்றேன்.

“பதினஞ்சாயிரம் தாங்க மாமா. மூணு மாசம் ராவு ராவா எழுதின.”

நான் சிரித்தேன். “ஓட்டோகேட்டே சீடியில நூத்தம்பது ரூபாக்குக் கிடைக்குது. உன்ட சாமானுக்குப் பதினஞ்சாயிரமா? சும்மா போட்டுட்டுப் போ. ஊராக்களுக்குக் காட்டினா உனக்குப் பேராவது வரும்.”

அவன் ஒன்றும் பேசவில்லை. சீடியை எடுத்துச் சேர்ட் பொக்கற்றில் வைத்துக்கொண்டு போனான். 2007இல் கட்டாருக்கு விமானம் ஏறினான். ஐந்தாறு வருடம் படம் கீறினான். பிறகு, கீறும் மென்பொருளுக்குத் துணைப் புரோகிராம் எழுதும் ஒரு குழுவில் சேர்ந்தான். இன்று அவன் எழுதும் புரோகிராமைக் கொண்டுதான் அவனுடைய கம்பனி பெரிய பெரிய கட்டடங்களுக்குக் கம்பிக் கணக்கு எடுக்கிறது. போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்தபோது சிரித்துக்கொண்டே சொன்னான்: “அண்டைக்கு நீங்க அஞ்சாயிரம் தந்திருந்தாலும் நான் இங்கதான் இருந்திருப்பன் மாமா.”

பகிடியாகத்தான் சொன்னான். எனக்கு அது பகிடியாக இல்லை.

கோடு வேறு, சுவர் வேறு

இந்தத் தொழில் என்ன என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். ஓட்டோகேட்டைப் பாவிக்கத் தெரிவது ஒரு தொழில். ஓட்டோகேட் போன்ற ஒன்றைச் செய்யத் தெரிவது இன்னொரு தொழில். தையல் மெஷினை மிதிப்பவருக்கும் மெஷினைச் செய்பவருக்கும் உள்ள வித்தியாசம் அது.

கணனித் திரையில் கோடு கீறலாம் என்று 1963இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஐவன் சதர்லேண்ட் என்ற மாணவர் செய்து காட்டினார். ஆனால் அடுத்த இருபது வருடமும் அந்த வசதி விமானக் கம்பனிகளுக்கும் கார் கம்பனிகளுக்கும்தான் கட்டுப்படியானது. 1982இல் கலிபோர்னியாவில் ஜோன் வோக்கர் என்பவரும் அவருடைய சகாக்களும், பதினாறு பேர், சுமார் 59 ஆயிரம் டொலர் முதல் போட்டு ஓட்டோடெஸ்க் கம்பனியைத் தொடங்கினார்கள். வியாபாரிகள் கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று இதில் உண்டு. கம்பனியின் பெயரே அலுவலக வேலைக்கான வேறொரு மென்பொருளின் பெயர். ஓடும் என்று அவர்கள் நம்பியது அதைத்தான். பல சாமான்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மைக் றிடில் என்பவர் முன்பே எழுதி வைத்திருந்த வரையும் புரோகிராம் ஒன்றை வளர்த்தெடுத்து, அந்த வருடம் நவம்பரில் லாஸ் வெகாஸ் கண்காட்சியில் வைத்தார்கள். கூட்டம் அதன் முன்னால்தான் நின்றது. அதுதான் ஓட்டோகேட். விலை ஆயிரம் டொலர். அதுவரை அப்படியான வேலைக்குப் பல்லாயிரம் டொலர் பெறுமதியான இயந்திரங்கள் தேவைப்பட்டன.

1986 தொடக்கத்தில் அதற்குள் ஓட்டோலிஸ்ப் என்ற சிறிய கணனி மொழியையும் சேர்த்துக் கொடுத்தார்கள். பாவிப்பவரே தனக்குத் தேவையான கட்டளையை எழுதிச் சேர்த்துக்கொள்ளலாம். உலகெங்கும் எத்தனையோ படவரைஞர்கள் அந்தச் சின்னக் கதவால் நுழைந்துதான் மென்பொருள் எழுதுபவர்கள் ஆனார்கள். என் ராத்தாவின் மகன் நுழைந்ததும் அதே கதவால்தான்.

ஆனால் ஓட்டோகேட்டில் ஒரு குறை. அதில் சுவர் என்பது இரண்டு கோடு. அது சுவர் என்று கணனிக்குத் தெரியாது. தரைப்படத்தில் கதவை நகர்த்தினால் முன்தோற்றப் படத்தில் கதவு பழைய இடத்திலேயே நிற்கும். என்னுடைய ஒரு இலட்சம் போன ஓட்டை அதுதான்.

அடுத்த தலைமுறை மென்பொருட்கள் அந்த ஓட்டையை அடைத்தன. அவற்றில் சுவர் சுவராகவே இருக்கும். தன் தடிப்பு, உயரம், எந்தக் கல், எந்தக் கதவு தன்மேல் நிற்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியும். ஒரு இடத்தில் மாற்றினால் எல்லாத் தாளிலும் மாறும். கல்லின் எண்ணிக்கையும் சேர்ந்து மாறும். நம் பாஷையில் சொன்னால், நாட்குறிப்பில் ஒரு வரியைத் திருத்தியவுடன் பேரேடும் ஐந்தொகையும் தாமாகவே திருந்துவது போல. இதற்கு உலகம் இன்று வைத்திருக்கும் பெயர் ‘பிம்’. 1997இல் தொடங்கிய ஒரு சிறிய கம்பனி செய்த றெவிட் இவ்வகை மென்பொருள். 2002இல் ஓட்டோடெஸ்க் அந்தக் கம்பனியை 133 மில்லியன் டொலருக்கு வாங்கியது. ஐந்து வயதுக் கம்பனிக்கு அந்த விலை. அவர்களிடம் இருந்த சரக்கு முழுவதும் மூளைக்குள்தான் இருந்தது.

யார் செய்தார்கள்?

“இதெல்லாம் அமெரிக்கக்காரனின் வேலை, நமக்கு எங்கே சரிவரும்” என்று சிலர் சொல்வது கேட்கிறது. கொஞ்சம் பொறுங்கள்.

ஹங்கேரி ஒரு சின்ன நாடு. 1982இல் அங்கு கம்யூனிச ஆட்சி. தனியார் தொழில் செய்வதே பெரும்பாடு. புடாபெஸ்ட் நகரில் காபோர் போயார் என்ற பௌதிகவியலாளர் தன் கூட்டாளி ஒருவரோடு கிராபிசொப்ட் என்ற சிறு கம்பனியைத் தொடங்கினார். அவர்களுடைய முதல் பெரிய வேலை பாக்ஸ் அணுமின் நிலையத்தின் குழாய்களை முப்பரிமாணத்தில் கணனியில் அமைத்துக் காட்டுவது. கையால் கீறினால் எந்தக் குழாய் எதில் இடிக்கும் என்று தெரியாத அளவுக்குச் சிக்கலான வேலை. அந்த அனுபவத்தை வைத்துக் கட்டடக் கலைஞர்களுக்காக ஆர்க்கிகேட்டைச் செய்தார்கள். ஆப்பிள் கம்பனி கைகொடுத்தது. அந்த நன்றிக்காக 2011இல் போயார் தன் தொழிற்பூங்காவில் ஸ்டீவ் ஜொப்ஸுக்குச் சிலையே வைத்தார். பிற்பாடு ஜேர்மனியின் நெமெட்செக் கம்பனி கிராபிசொப்டை வாங்கியது. அந்த நெமெட்செக்கும் 1963இல் மியூனிக்கில் ஒரு கட்டடப் பொறியியலாளரின் அலுவலகமாகத் தொடங்கியதுதான்.

நமக்குக் கிட்டிய ஆட்களையும் பார்ப்போம். தெற்காசியாவிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போன அஷ்ரப் ஹபீபுல்லாஹ் என்ற கட்டமைப்புப் பொறியியலாளர், 1975இல் கலிபோர்னியாவின் பேர்க்லியில் ஒரு கம்பனியைத் தொடங்கினார். கட்டடத்தின் பீமும் தூணும் பாரத்தையும் காற்றையும் நில அதிர்வையும் தாங்குமா என்று கணக்கிடும் ஈடாப்ஸ் என்ற மென்பொருள் அவர்களுடையது. மாடிக் கட்டடத்தில் ஒரு தட்டு மற்றத் தட்டைப் போலவே இருக்கும் என்பது ஒரு மேசனுக்கும் தெரிந்த விடயம். அந்த இயல்பைக் கணக்குக்குள் கொண்டுவந்து, வேலையை இலகுவாக்கியதுதான் அந்த மென்பொருளின் பலம். 828 மீற்றர் உயரமான டுபாயின் புர்ஜ் கலீபாவின் கட்டமைப்புக் கணக்கும் ஈடாப்ஸில்தான் பார்க்கப்பட்டது. நம் ஊர்ப் பிள்ளைகள் டுபாயில் அந்தக் கட்டடத்துக்கு முன்னால் நின்று படம் எடுத்து அனுப்புகிறார்கள். அதன் கணக்கைப் பார்த்த மென்பொருளுக்குச் சொந்தக்காரர் யார் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அதேபோல ஸ்டாட் என்ற கட்டமைப்பு மென்பொருள். நமது பல்கலைக்கழகங்களிலும் பொறியியல் மாணவர்களுக்கு இது பழகிய பெயர். இதைச் செய்த கம்பனியை அமெரிக்காவில் நிறுவியவர் வங்காளத்தைச் சேர்ந்த அம்ரித் தாஸ். வேலையின் பெரும்பங்கு கொல்கத்தாவில் நடந்தது. 2005இல் பென்ட்லி என்ற அமெரிக்கக் கம்பனி அதை வாங்கிக்கொண்டது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் புனே நகரத்தில் இருக்கிறது. 1996இல் தொடங்கிய சொப்ட்டெக் என்ற கம்பனி, ஓட்டோ டி.சி.ஆர். என்ற மென்பொருளைச் செய்தது. அது என்ன செய்கிறது தெரியுமா? வீட்டுப் பிளானை நகரசபையில் கொடுத்தால், எல்லையிலிருந்து எத்தனை அடி விட்டிருக்கிறார்கள், உயரம் சரியா, வாகனம் நிறுத்த இடம் உண்டா என்றெல்லாம் சட்டப் புத்தகத்தோடு ஒப்பிட்டுத் தானாகவே அறிக்கை தருகிறது. இதைக் கலிபோர்னியாக்காரன் செய்ய மாட்டான். இந்திய நகரசபையின் சட்டமும் அந்தக் கந்தோர் வராந்தாவில் காத்திருக்கும் கஷ்டமும் அவனுக்குத் தெரியாது. தெரிந்தவன் செய்தான், வாங்குவதற்கு நகரசபைகள் இருந்தன.

இந்த ஆட்கள் எல்லோருக்கும் பொதுவான ஒன்றைக் கவனியுங்கள். கணனி தெரிந்ததால் மட்டும் அவர்கள் முன்னுக்கு வரவில்லை. குழாயும் பீமும் சட்டமும் முதலில் தெரிந்திருந்தன. கணனி பிறகு வந்தது. கட்டுமானத்தைப் பற்றிய அறிவுதான் முதல். நமது வாவிக் கரையில் அந்த முதல் இல்லையா?

திருட்டு சீடி யாரைக் கெடுத்தது?

இருக்கிறது. ஆனால் அதை வியாபாரமாக மாற்ற நாம்தான் விடவில்லை. நான் செய்த தவறின் கணக்கை விரித்துப் பார்த்தால் அது விளங்கும்.

நூற்றைம்பது ரூபா சீடி எங்கிருந்து வந்தது? களவாகக் கொப்பி அடித்தது. நமது நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் மென்பொருளையும் பாதுகாக்கிறது. அது தெரிந்தும் தெரியாததுபோல எல்லோரும் இருந்தோம். பொய்த் தராசு வைத்த கடைக்காரனை ஊர் மன்னிக்காது. களவு சீடி வைத்திருந்த என்னை யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.

நாம் நினைத்தோம், இதனால் நட்டம் எங்கேயோ இருக்கும் பணக்காரக் கம்பனிக்குத்தானே என்று. அந்தக் கம்பனிக்கு ஒன்றும் ஆகவில்லை. களவாகப் படித்த பிள்ளைகளும் அதே மென்பொருளுக்குத்தான் பழகினார்கள். வெளிநாட்டில் வேலைக்குப் போனதும் அவர்களுடைய முதலாளிமார் காசு கொடுத்து அதையே வாங்கினார்கள். நட்டப்பட்டது என் ராத்தாவின் மகன். உலகத்தின் பெரிய சாமான் நூற்றைம்பது ரூபாவுக்கு விற்கும் சந்தையில், உள்ளூர்ப் பிள்ளையின் சின்னச் சாமானுக்குப் பதினைந்தாயிரம் கொடுக்க யார் வருவார்? பக்கத்துக் கடையில் களவுச் சீமெந்து பாதி விலைக்கு விற்றால் நமது கடை என்னாகும்? அவனுக்கு நடந்ததும் அதுதான். களவு சீடி கலிபோர்னியாவை விடக் காத்தான்குடியைத்தான் கூடக் கெடுத்தது.

இப்போது காலமும் மாறிவிட்டது. 2016க்குப் பிறகு ஓட்டோகேட்டை ஒரே தடவையில் சொந்தமாக வாங்க முடியாது. வாடகைதான். அமெரிக்க விலைப்படி முழு ஓட்டோகேட்டுக்கு வருடத்துக்கு இரண்டாயிரம் டொலர் அளவில் வரும். நம் காசில் ஆறு இலட்சம் ரூபாவுக்குக் கிட்ட. இரண்டு மூன்று பேர் வேலை செய்யும் ஒரு சிறிய படவரைஞர் அலுவலகம் இதை எப்படித் தாங்கும்? சீனாவில் இதே பிரச்சினை வந்தபோது சேட்.டபிள்யூ.கேட் போன்ற கம்பனிகள் உள்ளூரிலேயே குறைந்த விலையில் தமது சாமானைச் செய்து, பிறகு உலகத்துக்கே விற்கத் தொடங்கின. விலை கூடிய இடத்தில்தான் புதிய வியாபாரிக்கு வாசல் திறக்கும். இது நாம் எல்லோரும் சந்தையில் படித்த பாடம்.

நமது ஊரில் என்ன தேவை இருக்கிறது?

வெளியூர் வாசகர்களுக்கு ஒரு விடயம் சொல்ல வேண்டும். நமது பகுதியில் மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடு வேண்டும். ஒரு தகப்பனுக்கு மூன்று மகள்மார் என்றால் மூன்று வீடு. காணியோ கடலுக்கும் வாவிக்கும் இடையில் ஒரு ஒடுக்கமான மணல் துண்டு. ஏழெட்டுப் பேர்ச்சஸ் வளவைப் பிரித்து, கீழே ஒருத்திக்கு, மேலே மற்றவளுக்கு என்று கட்டுகிறோம். கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர். கிணறும் மலசலகூடக் குழியும் ஒன்றுக்கொன்று எட்டத்தில் இருக்க வேண்டும். இன்று ஒரு தட்டு, ஐந்து வருடம் கழித்து இன்னொரு தட்டு என்று கட்டுவதால், முதல் நாளே அத்திவாரத்தில் அந்தப் பாரத்தை நினைக்க வேண்டும். நாம் மணலைக் கியூப் கணக்கிலும், காணியைப் பேர்ச்சஸ் கணக்கிலும், கம்பியை மில்லிமீற்றரிலும், சுவரை அடியிலும் பேசுகிறோம். நான்கு அளவு, ஒரே வீடு!

இத்தனையும் தெரிந்த ஒரு மென்பொருளைப் புடாபெஸ்ட்காரர் செய்ய மாட்டார். பேர்ச்சஸும் கியூபும் தெரிந்த, நமது பிரதேச சபை, நகரசபை கேட்கும் படிவங்கள் தெரிந்த, அன்றைய சீமெந்து விலையைப் போட்டால் வீட்டின் மொத்தச் செலவைத் தமிழில் தரும் ஒரு சிறிய சாமான். 2022இல் சாமான் விலை நாளுக்கு நாள் ஏறியபோது எத்தனை பேர் பாதி வீட்டோடு நின்றார்கள்? கணக்குத் தெரிந்திருந்தால் சிலர் தொடங்காமலே இருந்திருப்பார்கள். சிலர் சின்னதாகக் கட்டி முடித்திருப்பார்கள். இது மூளை உள்ள பிள்ளைக்கு ஒரு தொழில்; ஒரு மகளைக் கரைசேர்க்க நினைக்கும் தகப்பனுக்கு ஒரு பாதுகாப்பு.

பிள்ளைக்கு வழி என்ன?

இந்தத் தொழிலுக்குப் போக விரும்பும் பிள்ளைக்கு, விசாரித்து அறிந்தவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது கணிதம். கோணமும் ஆள்கூறும் தெரியாமல் இந்த வேலைக்கு வர முடியாது. திரையில் தெரியும் ஒவ்வொரு சுவரும் உள்ளே எண்கள்தான். உயர்தரத்தில் கணிதப் பிரிவு படித்தால் மொறட்டுவ, பேராதனை, நமக்குக் கிட்ட ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் என்று வழிகள் உண்டு. அது கிடைக்காத பிள்ளை மனம் உடைய வேண்டியதில்லை. படவரைஞராகத் தொடங்கி, ஓட்டோலிஸ்ப், பைதன் என்று படிப்படியாக ஏறியவர்கள் உலகத்தில் நிறைய.

இரண்டாவது, ஒரு வருடமாவது கட்டுமிடத்தில் நிற்க வேண்டும். பீமுக்குக் கம்பி கட்டுவதைப் பார்க்காதவன் பீமுக்குப் புரோகிராம் எழுதினால், கட்ட முடியாத வளைவெல்லாம் அதில் வரும்.

மூன்றாவது, களவில்லாமல் இலவசமாகப் படிக்க இன்று வழி இருக்கிறது. பிரீகேட் என்ற மென்பொருளை உலகத்தின் பல நாட்டவர்கள் சேர்ந்து 2002இலிருந்து வளர்த்து வருகிறார்கள். அதன் முதலாவது முழுப் பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. அதன் கட்டடக் கலைப் பகுதியைப் பெருமளவு எழுதியவர் யோரிக் வான் ஹாவ்ரே என்ற கட்டடக் கலைஞர். உள்ளே எழுதப்பட்டிருப்பதை யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், தன் திருத்தத்தை அனுப்பலாம். திருத்தம் நல்லதென்றால் ஏற்றுக்கொள்வார்கள். விசா கேட்பதில்லை, ஏஜென்சிக்காரனுக்குக் கட்டணம் இல்லை. அங்கு பெயர் எடுத்த பிள்ளையை வேலைக்கு அழைக்கும் கம்பனிகள் உண்டு. வீட்டிலிருந்தே செய்யலாம் என்பதால் நமது பெண் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். தொழில்நுட்பம் படித்துவிட்டு எத்தனை பெண் பிள்ளைகள் வீட்டில் சும்மா இருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல.

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டதே, புரோகிராமை அதுவே எழுதுகிறதே, இந்தத் தொழில் நிலைக்குமா என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. எழுதும் வேலையின் ஒரு பகுதி இலேசாகிவிட்டது உண்மை. ஆனால் எதை எழுத வேண்டும் என்று சொல்வதற்கும், வந்த கணக்குச் சரியா என்று பார்ப்பதற்கும் வேலை தெரிந்த ஆள் வேண்டும். தப்பான கணக்கில் கட்டிய சிலாப்புக்குக் கீழே படுத்துறங்குவது மனிதர்கள். எந்த மென்பொருள் சொன்னாலும் கடைசியில் பொறியியலாளர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

இது உடனே காசு வரும் தொழிலும் இல்லை. மூன்று நான்கு வருடம் பொறுக்க வேண்டும். கட்டாரில் படம் கீறப் போகும் பிள்ளை முதல் மாதமே காசு அனுப்புவான். கடன் உள்ள குடும்பத்துக்கு அந்தக் காசு பெரிது. அதைக் குறைத்துப் பேச எனக்குத் தகுதி இல்லை.

வியாபாரிகளிடம் மூன்று வேண்டுகோள்

பிள்ளைகளுக்குப் புத்தி சொல்வது இலேசு. நமக்கும் சொல்ல வேண்டும்.

முதலாவது, கடையிலும் அலுவலகத்திலும் உள்ள களவு மென்பொருளை நீக்குங்கள். காசு இருந்தால் வாங்குங்கள். இல்லாவிட்டால் இலவசமாகக் கிடைப்பதைப் பாவியுங்கள். நான் இதை இந்த வருடம்தான் செய்தேன், பிந்தித்தான் செய்தேன்.

இரண்டாவது, உங்களுடைய பழைய கணக்குக் கொப்பிகளை எறியாதீர்கள். எந்த மாதிரி வீட்டுக்கு எத்தனை மூட்டை சீமெந்து, எத்தனை கியூப் மணல், எத்தனை கம்பி போனது என்பது முப்பது வருடமாக நம் கொப்பிகளில் கிடக்கிறது. புரோகிராம் எழுதும் பிள்ளைக்கு அதைவிடப் பெரிய முதல் இல்லை. வாடிக்கையாளரின் பெயரை மறைத்துவிட்டு அதைக் கொடுங்கள்.

மூன்றாவது, ஒரு பிள்ளை தான் செய்த சாமானோடு உங்கள் லாச்சிக்கு முன்னால் வந்தால் விலை பேசுங்கள், குறைத்தும் பேசுங்கள், ஆனால் சும்மா கேட்காதீர்கள். ஒருவரால் முடியாவிட்டால் ஐந்து ஹாட்வெயார்காரர்கள் சேர்ந்து கொடுக்கலாம். முதல் வாடிக்கையாளர் கொடுக்கும் காசு, பிள்ளைக்குச் சம்பளம் மாத்திரமல்ல. தன் ஊர் தன்னை மதித்தது என்ற அத்தாட்சியும் அதுதான்.

மேசன் பாஸுக்கு அன்று நான் சொன்ன பதிலையும் சொல்லி முடிக்கிறேன். “வீட்டுக் கடன் இரிக்கா?” என்று கேட்டேன். “கொஞ்சம் இரிக்கு” என்றார். “அப்ப அனுப்புங்க. ஆனா போகக்குள்ள, படம் கீறுறதோட நிக்காம, அந்த மெஷினுக்குள்ள என்ன நடக்குது எண்டு படிக்கச் சொல்லுங்க. திரும்பி வந்து ஏதும் செஞ்சா, முதல்ல என்ட கடைக்குக் கொண்டரச் சொல்லுங்க. காசுக்கு வாங்குவன்.”

அவர் கட்டுக் கம்பியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். மகனிடம் சொன்னாரோ தெரியாது. சொன்ன வார்த்தைக்கு நான் பொறுப்பு. இன்ஷா அல்லாஹ், அந்தப் பிள்ளை வரும் நாளில் லாச்சியில் காசு இருக்க வேண்டும்.